பழைய திகில் காமிக்ஸையும் அவற்றின் மூல ஓவியங்களையும் நம் ஊர் ஈரத்தில் சேகரிப்பது எப்படி

முதல் புத்தகத்தை வாங்கும் முன் ஓர் ஈரப்பதமானியை வாங்குங்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான அந்தக் கருவி அதிக விலையில்லை. அதைப் புத்தக அலமாரிக்குள் ஒரு வாரம் வைத்து, விடியற்காலையிலும் மழை ஓய்ந்த மாலையிலும் அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், முன்பு பால்மரக் காடாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நான் குடியிருக்கிறேன். என் வீட்டில் அந்த எண் பெரும்பாலான காலைகளில் 85 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. தாளைக் காப்பதற்கு உகந்ததோ 50 விழுக்காட்டை ஒட்டிய அளவு. நாம் தேடிப்போகும் பொருள், 10 சென்ட்டுக்கு விற்று, படித்தவுடன் தூக்கியெறியப்படும் என்ற எண்ணத்தோடு, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை நீக்காத மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அச்சிட்டது. அந்த லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுச் சிதைந்து அமிலமாகித் தாளைப் பழுப்பாக்குகிறது. வெக்கையும் ஈரமும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. இத்துறையைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்களாதலால், அவர்கள் பாதுகாப்பைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நமக்கு அது கட்டாது.

எந்தக் காலத்து இதழ்?

ஒருவர் “பழைய திகில் காமிக்ஸ்” என்று விற்க வந்தால், 1954க்கு முந்தியதா பிந்தியதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். ஏவன் நிறுவனம் 1947இல் ஒரே இதழாக வெளியிட்ட ‘ஈரி’யைத்தான் முழுக்கத் திகிலுக்கென்றே வந்த முதல் அமெரிக்கக் காமிக்ஸாகப் பலரும் கொள்கிறார்கள், அடுத்த ஆண்டில் ‘அட்வென்ச்சர்ஸ் இன்டு தி அன்னோன்’ தொடராகவே வரத் தொடங்கியது. ஆனால் இவ்வகைக்குப் பெயர் வாங்கித் தந்தவை, தந்தையின் மறைவுக்குப் பின் ஈ.சி. நிறுவனத்தை ஏற்ற வில்லியம் கெய்ன்ஸும் ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டைனும் 1950இல் தொடங்கிய மூன்று இதழ்கள்: ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’, ‘தி வால்ட் ஆஃப் ஹாரர்’, ‘தி ஹான்ட் ஆஃப் ஃபியர்’. அழுகிய பிணத்தை நாறுமளவுக்கு வரைந்த கிரஹாம் இங்கெல்ஸ், துள்ளும் கோடுகளைக் கொண்ட ஜாக் டேவிஸ், கொலையையும் வெள்ளைச் சட்டை கசங்காமல் வரையும் ஜானி கிரெய்க் ஆகியோர் அவற்றில் வரைந்தார்கள். 1954 ஏப்ரலில் அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று, வெட்டிய தலையைப் பிடித்திருக்கும் கிரெய்க்கின் அட்டை ஒன்றைக் காட்டிக் கெய்ன்ஸைக் கேள்வி கேட்டது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே பதிப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாட்டு நெறியை வகுத்துக்கொண்டார்கள். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களும், உள்ளே இரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் நடக்கும் பிணமும் விலக்கப்பட்டன. 1955 தொடக்கத்தில் 46ஆம் எண்ணோடு ‘கிரிப்ட்’ நின்றது.

இந்த நெறிக்கு முந்திய இதழ்களே இன்று விலையில் உச்சத்தில் நிற்கின்றன. அவற்றை வாங்கும்போது ஒரு குழியில் விழாமல் இருக்க வேண்டும். புதிய இதழுக்கு அஞ்சல் பதிவுக் கட்டணம் கட்டாமல் இருப்பதற்காக, ஈ.சி. பழைய இதழின் எண் வரிசையையே தொடர்ந்தது. ஆகவே ‘வால்ட்’ 12ஆம் எண்ணில் தொடங்குகிறது, ‘கிரிப்ட்’ அப்பெயரில் 20ஆம் எண்ணில் தொடங்குகிறது. ‘ஹான்ட்’ இதைவிடக் குழப்பம். 15, 16, 17 என்று மூன்று இதழ்கள் வந்தபின் எண் 4க்குத் திரும்பி மீண்டும் ஏறியதால், அதே மூன்று எண்கள் 1950இல் ஒரு முறையும் சில ஆண்டுகள் கழித்து மற்றொரு முறையும் வருகின்றன. முதல் வரிசையின் விலை வேறு, இரண்டாவதன் விலை வேறு. எண்ணை மட்டும் சொல்லி விலை பேசுபவரிடம் ஆண்டைக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இந்த ஐம்பதுகளின் இதழ்களைப் பரிந்துரைப்பதில்லை. 1971இல் நெறி தளர்த்தப்பட்டு இரத்தக்காட்டேரிகள் திரும்பி வந்த பத்தாண்டே நம் சம்பளத்துக்கு எட்டக்கூடியது. மார்வெலின் ‘டூம் ஆஃப் டிராகுலா’ 1972 முதல் 1979 வரை 70 இதழ்கள் வந்தது. எழுபதையும் ஜீன் கோலன் ஒருவரே வரைந்தார். டி.சி.யின் ‘ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி’யை 1968 முதல் திகிலுக்குத் திருப்பிய ஆசிரியர் ஜோ ஆர்லாண்டோ, தாமே ஈ.சி.யில் வரைந்தவர், பழைய வாசனை அதில் அடிக்கும். நெறிக்குக் கட்டுப்படாத கறுப்பு வெள்ளை இதழ்களாக வாரன் நிறுவனத்தின் ‘கிரீப்பி’யும் (1964) அதன் தங்கை இதழ்களும் இருக்கின்றன. இவற்றுள்ளும் சில எண்கள் மட்டும் ஆகாயத்தில் பறக்கும். ‘டிராகுலா’ 10ஆம் இதழ் பிளேடு என்ற பாத்திரம் முதலில் தோன்றியதாலும், ‘ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்’ 92ஆம் இதழ் ஸ்வாம்ப் திங் முதலில் தோன்றியதாலும் விலையேறியவை. திரைப்படத்துக்குத் திரைப்படம் ஏறி இறங்கும் அந்த விலைக்கும் திகிலுக்கும் தொடர்பில்லை. அந்த ஓர் இதழின் பணத்தில் மற்ற முப்பது நாற்பது இதழ்களை வாங்கிப் படிக்கலாம் என்பது என் கணக்கு.

நம் நாட்டில் கண்ணில் படுபவற்றில் ஆங்கிலேயர் வழிவந்தவை கணிசம். பென்ஸ் விலை அச்சிட்ட மார்வெல் இதழைப் பலர் மறுபதிப்பென்று ஒதுக்குகிறார்கள். அது தவறு, அமெரிக்க இதழோடு அதே அச்சில் அதே நேரத்தில் ஓடி, விலை மட்டும் மாற்றப்பட்டது அது. மாறாக, ஆலன் கிளாஸ் என்ற பிரிட்டிஷ் பதிப்பாளரின் ‘கிரீப்பி வேர்ல்ட்ஸ்’, ‘சினிஸ்டர் டேல்ஸ்’ முதலியவை உண்மையாகவே மறுபதிப்புகள். பல நிறுவனங்களின் பழைய கதைகளைக் கலந்து கறுப்பு வெள்ளையில் கட்டிய அவை விலை குறைந்தவை, படிக்க அருமையானவை. தமிழில் தேடுபவர் சிவகாசிப் பக்கம் திரும்ப வேண்டும். 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. லயன் குடும்பத்திலிருந்தே எண்பதுகளில் ‘திகில்’ என்ற பெயரில் தனி இதழ் வந்தது. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணத்தோடு நடக்கும் விக்கிரமாதித்தனைப் பார்த்து வளர்ந்த எவரும் திகில் ஓவியத்தைப் பற்றி அமெரிக்கரிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

அட்டையைப் பார்த்து மயங்குவதற்கு முன் முதுகைப் பாருங்கள். முதுகின் இரு ஸ்டேப்பிள் கம்பிகளையும் சுற்றித் துரு படர்ந்திருந்தால், அந்தத் துரு தாளைத் தின்றிருக்கும். நடுத்தாள் கழன்று வரும். பிறகு பக்கங்களை எண்ணுங்கள். பெரும்பாலான இதழ்களில் அட்டை நீங்கலாக 32 பக்கங்கள் இருக்க வேண்டும். விளம்பரக் கூப்பனை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். 1974 முதல் ஓரிரு ஆண்டுகள் மார்வெல் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டியெடுக்கும் சிறு முத்திரைப் படம் ஒன்றை அச்சிட்டது. அதைக் கத்தரித்த இதழின் விலை பாதிக்கும் கீழே போகலாம். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடைக்காரர்கள் ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தைச் சமமாக வெட்டி வைப்பார்கள். மூன்று விளிம்பும் கத்திபோல் நேராக, முதுகோரம் வரிசையாகத் துளைகளோடு இருந்தால் அது அப்படிப் பிரித்தெடுத்த இதழ். படிக்க வாங்கலாம், நல்ல பிரதி என்ற விலைக்கு வாங்கக் கூடாது.

மறுபதிப்பைக் கண்டுபிடிக்க, முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உட்புறத்திலோ பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புக் குறிப்பைப் படியுங்கள். ஈ.சி. இதழ்கள் எழுபதுகளிலும் தொண்ணூறுகளிலும் மறுபடி அச்சாயின. இப்போது வரும் நகல் பதிப்புகளோ பழைய விலையையும் விளம்பரத்தையும்கூட அப்படியே அச்சிடுகின்றன. அட்டையை மட்டும் படம்பிடித்து அனுப்பும் விற்பனையாளரிடம் அந்தப் பொடி எழுத்தின் படத்தையும் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். மூக்கையும் பயன்படுத்துங்கள். பழந்தாளின் இனிப்பு கலந்த மணம் வேறு, பூஞ்சணத்தின் புளித்த வாடை வேறு. பின்னது அடித்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், ஏனெனில் அது தனியாக வருவதில்லை.

தரத்தை 0.5 முதல் 10 வரை எண்ணிட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரும் வேலையைச் சி.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனம் 2000 முதல் செய்துவருகிறது. பழுது பார்த்த, நிறம் பூசிய இதழுக்கு ஊதா நிறச் சீட்டு வரும். அதைப் பார்த்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். இங்கிருந்து அனுப்பித் திருப்பிப் பெறும் செலவைக் கணக்கிட்டால், சாதாரண எழுபதுகளின் இதழுக்கு அது தண்டச் செலவு. அடைத்தபின் படிக்கவும் முடியாது.

தேடும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மேல்மாடிப் பழைய புத்தகக் கடைகளும், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் கடைகளும் போய்ப் பார்க்க வேண்டியவை. தோட்டப்புறத்தில் இருப்பவருக்கோ பழைய தாள்களை எடைக்கு வாங்க ஒலிபெருக்கி வைத்து வரும் பேப்பர் லாமா வேன்தான் பெரிய புதையல். துரை பங்களாவிலும் கிராணி வீட்டிலும் பரணில் கிடந்தவை கடைசியில் அந்த வேனுக்குத்தான் போகின்றன. என் முதல் ‘கிரீப்பி’ இதழ்களை அப்படித்தான் எடுத்தேன். “கிலோ கணக்கில் எடுத்ததை ஒன்றொன்றாகக் கேட்கிறீர்களே, தம்பி” என்று வேன்காரர் சலித்துக்கொண்டார். எடைக்கு எடை பழைய செய்தித்தாளைக் கொடுத்ததும் சமாதானமானார். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் அட்டைப் படத்தை யோசித்து வாங்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம் இங்கே இருக்கிறது. அரைகுறை ஆடை அட்டைகளைக் கொண்ட வாரன் இதழ்களின் பொட்டலம் சுங்கத்தில் நிற்க நேரலாம்.

மூல ஓவியம்

அச்சிட்ட இதழ் ஆயிரக்கணக்கில் உண்டு. அதற்காக ஓவியர் மையால் வரைந்த பக்கம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் அழிந்துவிட்டது, ஏனெனில் அக்காலப் பதிப்பாளர்களுக்கு அச்சுத்தகடு எடுத்தபின் அது குப்பை. ஈ.சி. இதற்கு விலக்கு. கெய்ன்ஸ் தம் இதழ்களின் மூலப் பக்கங்களை ஏறத்தாழ முழுமையாகப் பாதுகாத்து வைத்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவை ரஸ் காக்ரன் நடத்திய ஏலங்களின் வழியே வெளியே வந்தன. ஆகவே ஐம்பதுகளின் பிற திகில் நிறுவனங்களின் பக்கத்தைக் காண்பதைவிட ஈ.சி. பக்கத்தைக் காண்பது எளிது. வாங்குவது எளிது என்று சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் பக்கங்களை ஓவியருக்கே திருப்பித் தரத் தொடங்கியது எழுபதுகளில்தான். அதனால் அந்தக் காலத்துப் பக்கங்கள் சந்தையில் ஓரளவு புழங்குகின்றன.

உண்மையான பக்கத்தை அறிய முதலில் அளவைப் பாருங்கள். ஏறத்தாழ 1967 வரை அச்சளவைவிட மிகப் பெரிய அட்டையில் வரைந்தார்கள். அதன்பின் 10க்கு 15 அங்குலப் படப்பரப்பு வழக்கமாயிற்று. அடுத்து, பக்கத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் கைவிளக்கை வைத்துப் பாருங்கள். மை தாளின் மேல் மெல்லியதாகப் படிந்து நிற்கும். திருத்தம் செய்த இடத்தில் வெள்ளைச் சாயம் மேடிட்டிருக்கும். அழித்தும் அழியாத பென்சில் கோடு மைக்கு அடியில் தெரியும். விளிம்பில் நீலப் பென்சிலில் ஆசிரியரின் குறிப்பும், பின்புறத்தில் சில வேளைகளில் நெறிக்குழுவின் ரப்பர் முத்திரையும் இருக்கும். ஒட்டிய தலைப்பும் எழுத்துப் பட்டையும் பசை பழுத்துப் பழுப்புக் கறையோடு இருந்தால் அது குறையன்று, சான்று. ஈ.சி. பக்கங்களில் எழுத்து கையெழுத்துபோல் வளையாமல் பொறிவைத்து எழுதியதுபோல் ஒரே சீராக இருக்கும். லெராய் என்ற வரைகருவியால் அவ்வாறு எழுதினார்கள். உருப்பெருக்கியில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. எல்லாம் சரியாக இருந்தாலும், அச்சான இதழின் அதே பக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கோடாக ஒப்பிடுங்கள். ஓவியரே பின்னாளில் மறுபடி வரைந்துகொடுத்த பக்கத்தில் முடிக்கற்றையோ புகையோ எங்காவது மாறியிருக்கும். அதை மறுவரைவு என்று சொல்லி விற்றால் குற்றமில்லை.

இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் நான் ஏமாந்திருக்கிறேன். தலைநகரைச் சேர்ந்த ஒருவர் எழுபதுகளின் பேய்வீட்டுக் கதைப் பக்கம் என்று காட்டியதை, மின்விசிறிக்கடியில் ஒரு மேசையில், அவசரத்தில் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து விளக்கைச் சாய்த்தபோது கறுப்பெல்லாம் ஒரே தட்டையாகப் பளபளத்தது: கெட்டி அட்டையில் எடுத்த ஒளிநகல், அதன்மேல் ஆங்காங்கே தூரிகையால் தொட்டிருந்தார்கள். இரண்டு மாத மிச்சம் போனது. கைவிளக்கு இப்போது எப்போதும் பையில் இருக்கிறது.

விலை ஒழுங்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றே: அட்டை ஓவியம் முதலில், கதையின் முகப்புப் பக்கம் அடுத்து, பேய் தோன்றும் உட்பக்கம் அதற்கடுத்து, இருவர் நாற்காலியில் அமர்ந்து பேசும் பக்கம் கடைசியில். கடைசியில் சொன்ன வகையிலிருந்து தொடங்குங்கள். என் பரிந்துரை பிலிப்பைன்ஸ் ஓவியர்கள். 1971இல் டி.சி.யின் கார்மைன் இன்ஃபான்டினோவும் ஆர்லாண்டோவும் மணிலாவுக்குப் போய் ஆள் எடுத்தார்கள். அதன்பின் அல்ஃப்ரெடோ அல்கலா, நெஸ்டர் ரெடோண்டோ, அலெக்ஸ் நீன்யோ முதலியோர் அந்நிறுவனத்தின் பேய்க்கதைகளை நிரப்பினார்கள். ஓர் அங்குல இடத்தில் நூறு கோடுகளை இழைக்கும் அல்கலாவின் பக்கத்தை நேரில் பார்த்தால், அச்சில் நாம் இழந்தது எவ்வளவு என்று தெரியும். அமெரிக்கப் பெயர்களுக்குக் கிடைக்கும் விலை இவர்களுக்குக் கிடைக்காதது அநியாயம். வாங்குபவருக்கு அந்த அநியாயம் வசதியாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின்

வந்த இதழை உடனே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். இராமபாணப் பூச்சியும் கரப்பான் முட்டையும் முதுகு மடிப்பில் ஒளிந்துவரும். உறையில் காற்றுப் புகாமல் மூடி, உறைகுளிர் பெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் அப்படியே விட்டுப் பிறகே உறையைத் திறக்க வேண்டும். குளிர்ந்த தாளை உடனே திறந்தால் நம் காற்று அதன்மேல் வியர்க்கும். பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கும் உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. என் அம்மா அன்போடு சில இதழ்களின் நடுவே வேப்பிலை வைத்தார். பூச்சி வரவில்லை, ஆனால் இலையின் வடிவம் பக்கத்தில் பச்சையும் பழுப்புமாகப் பதிந்துவிட்டது. ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் பூசிய வழக்கமும் இந்த மலிவுத் தாளுக்குப் பொருந்தாது.

உறையைப் பொறுத்தவரை, மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை நீடித்தது. பாலிபுரோப்பிலீன் மலிவு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். எழுதுபொருள் கடையில் கிடைக்கும், புளித்த பிளாஸ்டிக் வாடை வீசும் பி.வி.சி. உறையை மட்டும் தொடாதீர்கள். அது மையை உரித்தெடுக்கும். பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். வாரன் இதழ்கள் அளவில் பெரியவை, அவற்றுக்குத் தனி உறை வாங்க வேண்டும்.

பிறகு பெட்டி. புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் மின் உலர் பெட்டியைவிட நம் ஊருக்கு ஏற்றது எதுவுமில்லை; 50 விழுக்காட்டில் நிறுத்திவிட்டு மறந்துவிடலாம். அதற்குப் பணம் சேரும்வரை, ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறும் வகையை வாங்கி, நிறம் மாறியதும் அடுப்பில் மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்ப வையுங்கள். படுக்கையறைக் குளிரூட்டியை நம்பாதீர்கள். இரவில் ஓடிப் பகலில் நிற்பதால் ஈரம் ஏறி இறங்கும், ஒரே நிலையில் இருக்கும் ஈரத்தைவிட அந்த ஊசலாட்டம் தாளுக்குக் கெடுதல். தகரக் கூரைக்கு அடியில், தரையில், வெளிச்சுவரை ஒட்டி எதையும் வைக்காதீர்கள்; மூன்றாவது இடம் கரையானின் வழி.

மூல ஓவியத்தைச் சட்டமிட்டு மாட்டும் ஆசை வரும். மாட்டுவதானால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக்கும், ஓவியம் அதைத் தொடாமல் இடைவெளி விடும் வெட்டட்டையும் கேளுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய ஓவியம் ஓர் அடைமழைக்காலத்தில் அதனோடு பிடித்துக்கொள்ளும். தூரிகை மை ஒளியைத் தாங்கும்; மார்க்கர் பேனாவால் நிரப்பிய கறுப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோ வெளுக்கும். ஆகவே அப்படிப்பட்ட பக்கத்தை மாட்டவே கூடாது. ஒட்டுநாடாவை உரிக்கவோ கறையைத் துடைக்கவோ நீங்களாக முயலாதீர்கள்.

கடைசியாக, ஒவ்வோர் இதழுக்கும் பக்கத்துக்கும் பெயர், எண், ஆண்டு, வாங்கிய நாள், கொடுத்த விலை, யாரிடம் விற்கலாம் என்பதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் வையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது அதைக் காட்டுங்கள். நான் ஒரு வாரம் ஈப்போ மருத்துவமனையில் இருந்தபோது வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் இரண்டு கட்டுகளை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பேப்பர் லாமா வேன் அன்று எங்கள் வரிசைக்கு வரவில்லை.